தூக்கு வேண்டுமா, வேண்டாமா: திட்டாமல் பேசிப் பழகிய அனுபவம்

ஒரு வாக்குவாதத்தில் வசைச்சொல் எப்போது வந்து விழுகிறது என்று பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். கோபம் உச்சிக்கு ஏறும்போது வரும் என்றுதான் பொதுவாக நினைப்போம். நான் பார்த்த வரையில், எதிரே இருப்பவர் கேட்ட கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று ஒருவருக்கு உள்ளுக்குள் உறைக்கும் நொடியில்தான் வருகிறது. பதில் வைத்திருப்பவர் எத்தனை கோபத்திலும் பதிலைத்தான் சொல்வார். இது பிடிபட்ட பிறகு எங்கள் கூட்டங்களை நடத்தும் விதமே மாறிவிட்டது.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள். சேலத்தில் ஒரு கிளை நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் சிலர் கூடிப் பேசுவோம். ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஒருவர், அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர், வங்கித் தொழிற்சங்கத்தில் இருந்த தோழர், சட்டக் கல்லூரி மாணவி, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு ஓடிவரும் இரண்டு பெண்கள், இன்னும் சிலர். மதுவிலக்கு, ஜல்லிக்கட்டு, இட ஒதுக்கீடு என்று பலதும் பேசியிருக்கிறோம். எதிலும் வராத கொதிப்பு தூக்குத் தண்டனை பற்றிப் பேசியபோது வந்தது. நான் தூக்குக்கு எதிரானவள். அதை மறைத்துக்கொண்டு கூட்டம் நடத்துவது எனக்குப் பிடிக்காது, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து விவகாரம் கிடையாது. 1995 ஏப்ரல் 27 அன்று, பல கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டது எங்கள் ஊர் மத்தியச் சிறையில்தான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்தைக் கொளுத்தினார்களே, மூன்று பெண்பிள்ளைகள் உள்ளேயே கருகிப் போனார்களே, அந்த வழக்கில் 2007-இல் மூன்று பேருக்குத் தூக்கு விதித்ததும் சேலம் நீதிமன்றம்தான். விசைத்தறிக்காரர் அந்தத் தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வாசலில் நின்றிருக்கிறார். அவருக்கு அது செய்தித்தாளில் படித்த வழக்கு இல்லை.

முதல் கூட்டத்தில் பறந்த பட்டங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. தூக்கு வேண்டாம் என்றவர்களுக்கு 'கொலைகாரனுக்கு வக்காலத்து', 'மனித உரிமை வியாபாரி'. வேண்டும் என்றவர்களுக்கு 'ரத்தவெறி'. ஆய்வாளருக்கு மட்டும் தனியாக 'லாக்கப் புத்தி'. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஏழு பேர் பக்கம் பேச்சு திரும்பியதும் நிலைமை இன்னும் மோசம். ஒரே மனிதரை ஒரு மூலையிலிருந்து தேசத்துரோகி என்றார்கள், மறு மூலையிலிருந்து இனத்துரோகி என்றார்கள். அவர் சொன்னது "எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியல" என்பது மட்டும்தான்.

திட்டக் கூடாது என்று விதி போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். போட்டோம். பலனில்லை. வெளிப்படையான வசை போய், நாகரிகமான குத்தல் வந்தது. "உங்கள மாதிரி ரொம்பப் படிச்சவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எந்த விதியால் தடுக்க முடியும்? அதனால் வேறு வழிக்குப் போனோம். பட்டம் வந்து விழுந்தால் தடுப்பதில்லை. அதைச் சொன்னவரிடமே, அந்தப் பட்டத்துக்குள் என்ன குற்றச்சாட்டு இருக்கிறது, அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்று கேட்பது.

ஆய்வாளரிடம் கேட்டேன்: "சார், வக்காலத்துங்கறத விடுங்க. இவங்க எதைச் செய்யலன்னு உங்களுக்கு ஆத்திரம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செத்தவங்களப் பத்தி இவங்க ஒரு வார்த்தை பேசறதில்ல டீச்சர். கைதியோட அம்மா அழுதா பத்திரிகையில படம் வருது. செத்தவனோட அம்மா எங்க இருக்கா, என்ன சாப்பிடறான்னு கேக்க ஒரு நாதி இல்ல."

இது பட்டம் இல்லை. பதில் சொல்லியாக வேண்டிய குற்றச்சாட்டு. தோழர் பதில் சொன்னார், நேர்மையாகவே சொன்னார். அந்த ஏழு பேரில் பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகிய மூவரின் தூக்குக்கு எதிராக 2011-இல் நடந்த கூட்டங்களில் தான் ஏறிய மேடைகளில், 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு சேர்ந்து செத்துப்போன காவலர்களைப் பற்றியோ பொதுமக்களைப் பற்றியோ யாரும் பேசிக் கேட்டதில்லை என்றார். ஆய்வாளர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 'வக்காலத்து' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்கு இனி வேலை இல்லாமல் போய்விட்டது.

அதே கேள்வியை 'லாக்கப் புத்தி' என்றவரிடமும் கேட்டோம். உள்ளே இருந்த குற்றச்சாட்டு இது: போலீஸ் அடித்து வாங்கும் வாக்குமூலத்தில் தூக்குக் கயிறு தொங்குகிறது. ஆய்வாளர் மறுக்கவில்லை. "அடிச்சு வாங்கினதே இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். பயங்கரவாதத்தைத் தடுக்க என்று வந்து 1995-இல் காலாவதியான தடா சட்டத்தை அவரே எடுத்துச் சொன்னார். சாதாரணச் சட்டத்தில் காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது, தடாவில் எஸ்.பி. நிலை அதிகாரியிடம் கொடுத்தால் ஆகும் என்று இருந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னதையும் அன்று பேசினோம்: குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை அவர் எழுதாமல் விட்டிருந்தார். ஒரு காவல் அதிகாரி விட்ட வரியைப் பற்றி இன்னொரு காவல் அதிகாரி எங்கள் நடுவில் உட்கார்ந்து பேசியது, எத்தனை கட்டுரை படித்தாலும் கிடைக்காத பாடம். முதல் கூட்டத்துப் பட்டத்தோடு அவர் எழுந்து போயிருந்தால் அதை இழந்திருப்போம்.

பட்டங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகியதும் இன்னொன்று தெரிந்தது. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விக்காக இல்லை. தூக்கில் போட்டால் குற்றம் குறையுமா என்பது ஒரு கேள்வி. அதற்குத் தகவல் தேடலாம். ஒரு மனிதரைக் கட்டிவைத்துக் கொல்லும் உரிமை அரசுக்கு உண்டா என்பது வேறு கேள்வி. அதற்குப் புள்ளிவிவரம் எதுவும் உதவாது. நம் போலீசையும் நீதிமன்றத்தையும் நம்பலாமா என்பது மூன்றாவது. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்வார், எதிரே இருப்பவர் அதை இரண்டாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டு "மனசாட்சியே இல்லையா?" என்பார். எந்தக் கேள்வியில் நிற்கிறோம் என்று நிறுத்திக் கேட்டாலே பாதிச் சூடு இறங்கிவிடும்.

தகவலில் தீரக்கூடியதைத் தகவலால் தீர்த்துவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் தூக்கு வேண்டும் என்றவர்களில் நிறையப் பேர் சொன்ன காரணம், "ஆயுள் தண்டனைன்னா பதினாலு வருஷத்துல வெளிய வந்துருவான்." சட்ட மாணவி அடுத்த கூட்டத்துக்கு விவரம் கொண்டுவந்தாள். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான். கொலைபோல, மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் தண்டனைக் குறைப்பு கொடுத்து வெளியே விடக் கூடாது என்பதுதான் 2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு; புதிய சட்டத்திலும் அதே விதி உண்டு. கீழ் வரம்பை ஜனங்கள் மேல் வரம்பாக நினைத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் வரை குறைப்பே கூடாது என்று உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ சொல்லித் தண்டிக்கலாம் என்பதை 2015-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அதுவும் ராஜீவ் வழக்கின் அந்த ஏழு பேரின் விடுதலை தொடர்பாக வந்த வழக்கில்தான்.

விசைத்தறிக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "முப்பது வருஷம் வெளிய வரவே முடியாதுன்னு எழுதிக் குடுத்தா, எனக்குத் தூக்குதான் வேணும்னு பிடிவாதம் இல்லீங்க" என்றார். நான் மகிழ்ந்துபோனேன். உடனே மாணவி, "நம்பிக்கையே இல்லாம முப்பது வருஷம் ஒருத்தரைப் பூட்டி வைக்கறது மட்டும் நியாயமா?" என்று கேட்டாள். புதிய கேள்வி, புதிய அணிகள். விசைத்தறிக்காரரும் நானும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தோம். யார் எந்தக் கட்சி என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தவர்களுக்கு அன்று கணக்கு குழம்பிப் போனது.

இன்னொரு பழக்கமும் கொண்டுவந்தோம். மறுப்புச் சொல்வதற்கு முன்னால், எதிரே இருப்பவர் சொன்னதை அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "அதேதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் மறுக்க உரிமை. இது சுலபமாக வராது. முதலில் எல்லோரும் திரித்துத்தான் சொன்னார்கள்: "அதாவது இவர் சொல்றது என்னன்னா, ஏழைங்கள மட்டும் தொங்கவிடலாம்ங்கறார்." திரும்பச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள் என்று நேரம் போகும். சலிப்பில் சிலர் வருவதையே நிறுத்தினார்கள். ஆனாலும் நான் விடவில்லை, ஏனென்றால் இதில் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது. இதை எங்களில் நன்றாகச் செய்தவர், அதிகம் பேசாத ஒரு அம்மா. ஆய்வாளரின் வாதத்தை அவர் இப்படிச் சொன்னார்: "சட்டம் கொல்லலன்னா ஜனங்களே கொல்ல ஆரம்பிச்சுருவாங்க. சார் பயப்படறது அதுக்குத்தான்."

"அதேதாம்மா" என்றார் ஆய்வாளர். அதுவரை அவரே அதை அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சு 2019 டிசம்பர் 6-க்குப் போனது. ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரை வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதும், ஜனங்கள் போலீஸ் மீது பூ தூவினார்கள். அந்த என்கவுன்டர் ஜோடிக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022-இல் கண்டறிந்தது. பூ தூவியவர்களின் அவசரம் ஆய்வாளரின் பயத்துக்குச் சாட்சியா, இல்லை கொல்வதை நியாயம் என்று பழக்கிவைத்ததன் விளைவா என்று அன்று நெடுநேரம் பேசினோம். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. பேச விஷயம் இருந்தது.

இப்போது, எங்கள் கூட்டத்தை உண்மையில் மாற்றிய பழக்கத்துக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் தன் கட்சிக்கே வலிக்கும் வழக்கு ஒன்றைத் தானே கொண்டுவந்து வைக்க வேண்டும். எதிராளி கொண்டுவந்து வைத்தால் தற்காப்புக்கு ஆயுதம் தேடுவோம். நாமே வைத்தால் தேட முடியாது.

தோழர், ராஜீவ் வழக்கின் மூவர் தூக்கை எதிர்த்து 2011-இல் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தபோது காஞ்சிபுரம் வரை போய்வந்தவர். மரண தண்டனையே கூடாது என்று அந்த வருடங்களில் ஊர் ஊராகப் பேசியவர். அவர் வைத்த வழக்கு தருமபுரிப் பேருந்து. 2010-இல் பேருந்து வழக்கின் மூவருடைய தூக்கை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது தனக்குள் எந்த எதிர்ப்பும் எழவில்லை என்றார். கூட்ட வெறியில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டது இல்லை என்று சொல்லி 2016-இல் ஆயுளாகக் குறைத்தபோதும், 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி விடுதலை செய்தபோதும் கொதித்துப் போயிருக்கிறார். "மரண தண்டனை கூடாதுன்னு சொன்ன அதே வாயால, இவனுங்கள எப்படி விடலாம்னு கேட்டேன். எனக்குப் பிடிச்ச கைதி, பிடிக்காத கைதின்னு ரெண்டு கணக்கு வெச்சிருந்தேன்." விசைத்தறிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிமன்ற வாசலில் நின்ற அவருக்கு, தன் கோபத்தை எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகப் பகிர்ந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பே இல்லை.

ஆய்வாளர் வைத்தது எண்கள். ராஜீவ் வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது, குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. 3 பேருக்கு ஆயுள். மற்ற 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். உறுதியான நான்கும் பிறகு ஆயுளாயின: நளினிக்கு 2000-இல், மற்ற மூவருக்கு 2014-இல், கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்ட காரணத்தால். பேரறிவாளன் 2022 மே மாதமும், மற்ற ஆறு பேர் அந்த நவம்பரிலும் வெளியே வந்தார்கள். "மேல்முறையீடு இல்லாத நாடா இருந்தா அந்தப் பத்தொன்பது பேர் இப்ப இல்ல" என்றார். அவர் கட்சி மாறிவிடவில்லை. தூக்கு வேண்டும் என்றுதான் இன்றும் சொல்கிறார். ஆனால் பத்தொன்பது பேரை நினைவில் வைத்துக்கொண்டு சொல்கிறார். நான் அவரோடு பேச விரும்புவது அதனால்தான்.

எனக்கு வலித்த வழக்கு உடுமலைப்பேட்டை. 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் எதிரே, சாதி கடந்து கல்யாணம் செய்த குற்றத்துக்காக சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யா வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தபோது, என்னோடு மரண தண்டனையை எதிர்த்த நண்பர்கள் சிலர் அதை வரவேற்றார்கள். சாதிக்காகக் கொல்பவனுக்கு ஒரு முறையாவது சட்டம் பயம் காட்டட்டும் என்பது அவர்கள் வாதம். 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஐந்து பேரின் தூக்கை 25 ஆண்டுக்குக் குறையாத ஆயுளாக மாற்றியது. தூக்கு நீங்கியதை நான் சரி என்கிறேன். ஆனால் அந்த நண்பர்களின் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. அவர்களைப் பார்த்து நான் 'கொள்கை இல்லாதவர்கள்' என்று சொன்னால், அது அந்தப் பதில் இல்லாத இடத்தை மூடும் மூடியாகத்தான் இருக்கும்.

இடையில் ஒன்று. தமிழர்கள் கூடிப் பேசும் இடத்தில் மேற்கோள் வராமல் இருக்காது. கொலையிற் கொடியாரை அரசன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்ற குறளை ஒருவர் சொல்வார். விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியன் கதையை அடுத்தவர் சொல்வார். இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும், பேச்சு நின்ற இடத்திலேயே நிற்கும். மேற்கோள் சொன்னவர் அதைத் தொடர்ந்து, இதை வைத்து இந்த வழக்கில் நான் சொல்வது இது என்று தன் சொந்த வாக்கியம் ஒன்றும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மேற்கோள்கள் தானாகக் குறைந்தன.

சில நேரம் நான் 1980-இன் பச்சன் சிங் வழக்கைச் சொல்வேன். அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்ற வரம்பு அதில் வந்ததுதான். ஐந்து நீதிபதிகளில் நால்வர் மரண தண்டனை அரசியல் சாசனத்துக்கு உட்பட்டது என்றார்கள். பகவதி ஒருவர் மட்டும் மறுத்தார். தன் காரணங்களை 1982-இல் நீண்ட தீர்ப்பாக எழுதினார். ஓர் உயிரை எடுக்கலாமா என்பதைவிடப் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. அந்த ஐந்து பேருக்கும் அதைக் காரணங்களால் மட்டுமே எழுத முடிந்தது.

நம்மால் வாதமாக நினைக்கப்படுவது இன்னொருவருக்கு அடியாக விழும் சந்தர்ப்பங்களும் உண்டு. தம்பியைக் கொலையில் பறிகொடுத்த ஒருவர் ஒரு முறை வந்திருந்தார். கூட்டி வந்த நண்பர் எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்கள். ஆனாலும் வழக்கமான அந்த வரி யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டது: தூக்கில் போட்டால் செத்தவர் திரும்பி வருவாரா?

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வர மாட்டான்னு எனக்குத் தெரியுங்க. அத நீங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அதில் வசை எதுவும் இல்லை, சொன்னவருக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. இருந்தும் எங்கள் பட்டங்கள் எல்லாவற்றையும்விட அந்த வரி அவரை அதிகம் காயப்படுத்தியிருக்கும். அதன் பிறகு நாங்கள் எடுத்த முடிவு: இழந்தவர் இருக்கும் அவையில் அவரை வாதத்துக்கு இழுப்பதில்லை. அவர் விரும்பினால் பேசுவார், நாங்கள் கேட்போம், மறுப்புச் சொல்ல மாட்டோம். நீதிமன்றம் எங்கள் கூட்டத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு நாள் வாதம் நின்றால் நீதிக்கு நட்டம் எதுவும் வராது.

மரியாதை என்ற சொல்லை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் "மரியாதையா பேசு" என்பது பெரும்பாலும் மேலிருந்து கீழே விழும். மூத்தவர் இளையவரிடம், ஆண் பெண்ணிடம், மேல்சாதி என்று சொல்லிக்கொள்பவர் மற்றவரிடம். மாணவி குரலை உயர்த்தினால் "பொண்ணு ரொம்ப எகிறுது" என்பார்கள். அதே சத்தத்தில் ஆய்வாளர் பேசினால் அனுபவம் பேசுகிறது என்பார்கள். சத்தம் வேறு, இழிவுபடுத்துவது வேறு என்று நான் உறுதியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அழுதுகொண்டே பேசலாம், மேசையைத் தட்டிப் பேசலாம். எதிரே இருப்பவரின் தொழிலையோ சாதியையோ பிறப்பையோ இழுக்கக் கூடாது. எல்லோரையும் வயது பார்க்காமல் 'நீங்க' என்றே அழைக்க வேண்டும் என்பதை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறோம். மாணவியை 'நீங்க' என்று கூப்பிடப் பழக ஆய்வாளருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. பழகிவிட்டார்.

உடுமலைப்பேட்டை பற்றிய பேச்சில் புதிதாக வந்த ஒருவர், "பெத்தவன் மனசு அப்படித்தான் துடிக்கும், அதைக் கொலைன்னு மட்டும் பார்க்கக் கூடாது" என்றார். கொலைதான் என்று நான் சொன்னேன். அவரை வெறியர் என்று நான் சொல்லவில்லை, பிறர் சொல்ல விடவும் இல்லை. ஆனால் செயலின் பெயரை மெதுவாக்கிச் சொல்வதற்கு மரியாதை என்று பெயர் கிடையாது. அந்தப் பெண்ணுக்குத் தன் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா என்பதை இரு பக்க விவாதமாக எங்கள் மேசையில் வைக்க மாட்டோம் என்பதையும் சொன்னேன். கொன்றவருக்கு என்ன தண்டனை என்பதில் எத்தனை கருத்தும் இருக்கலாம். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் சொன்னதைத் திரும்பவும் சொல்வேன்.

கூட்டம் முடிந்த பிறகு இரவில் வாட்ஸ்அப் குழுவில் வாதத்தைத் தொடர்வதை நிறுத்திவிட்டோம். பாதி வாதம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது, முகம் பார்க்காமல் தட்டும் வரி எப்போதும் சொல்ல நினைத்ததைவிடக் கூர்மையாகிவிடுகிறது. தாங்க முடியாவிட்டால் போன் போட்டுப் பேசலாம். தோழரும் ஆய்வாளரும் அப்படி அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

இந்தப் பேச்சில் தவிர்க்கவே முடியாத ஒரு கேள்வி உண்டு. தூக்கு வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் அது வந்தே தீரும்: "உங்க பொண்ணுக்கு நடந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?" எங்கள் ஆட்கள் பலர் இதை அசிங்கமான கேள்வி என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்குவதில்லை, அது நியாயமான கேள்வி. ஆய்வாளர் என்னிடம் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். என் மகளுக்கு நடந்திருந்தால் அவனை என் கையாலேயே கொல்லத் தோன்றும், தூக்கு போதாது என்றுகூட நினைப்பேன். அந்த நிலையில் இருக்கும் என்னிடம் தீர்ப்பு எழுதும் பேனாவைக் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் நீதிமன்றம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

அவர் ஒப்புக்கொண்ட மாதிரி தலையை அசைத்தார். பிறகு கேட்டார்: "சரி டீச்சர், பேனாவ உங்ககிட்ட குடுக்க வேண்டாம். உங்களுக்குன்னு அந்தக் கோர்ட்ல என்ன குடுப்பாங்க?"

யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2008 திருத்தத்தில் 357ஏ பிரிவாக வந்தது என்று மாணவி சொன்னாள். அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்பது எங்களில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. விசாரணையின்போது குடும்பத்துக்குத் தகவல் யார் சொல்வது, சாட்சி சொல்லப் போகும் நாளில் கூலி போவதை யார் ஈடுகட்டுவது என்று கேள்விகள் நீண்டன. அடுத்த மாதத் தலைப்பு அங்கேயே முடிவானது. விவரம் சேகரித்து வரும் பொறுப்பை ஆய்வாளரும் மாணவியும் சேர்ந்தே எடுத்துக்கொண்டார்கள்.